கோபத்துல சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன். ஏழு வயசுப் பொண்ணுகிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கறது?

ஊசிநூல் (ஈரோடு) – செவ்வாய், இரவு 11:52

தூக்கம் வரலைங்க. யார்கிட்டயும் சொல்லவும் முடியல. அதான் இங்க எழுதறேன்.

வீட்லயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கறேன். ஆவணி முகூர்த்தம் வந்துட்டா ராத்திரி ஒரு மணி வரைக்கும் வேலை இருக்கும். நேத்து சாயங்காலம் ஒரு கல்யாணப் பொண்ணோட பட்டுச்சேலையிலிருந்து ஜாக்கெட் பிட்டை வெட்டி எடுத்து டேபிள்ல வெச்சுட்டு, லைனிங் துணியை அலசிக் காயப்போட மாடிக்குப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும். இறங்கி வந்து பாத்தா பாப்பா பெரிய கத்தரியோட உக்காந்திருக்கா. அரக்குக் கலர் பட்டு மடியில கிடக்குது. நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை.

சேலையோட நெய்து வர்ற பிட்டு அது. கடையில போய் அதே மாதிரி வாங்க முடியாது. மறுநாள் ஆரி வேலைக்குக் குடுக்கணும், அடுத்த வாரம் கல்யாணம்.

டேபிள்ல இருந்த மர ஸ்கேலை எடுத்தேன். கையில, தொடையிலன்னு நாலு அடி. அதோட நிறுத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல. "நீ பொறக்காமயே இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்"னு கத்தினேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவ அழுகல. எந்திரிச்சு, கத்தரியைக் கைப்பிடி என் பக்கம் இருக்கற மாதிரி திருப்பி டேபிள்ல வெச்சா. கத்தரி குடுத்தா அப்படித்தான் குடுக்கணும்னு நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தது. அப்புறம் சாப்பிடாமப் போய்ப் படுத்துட்டா.

ராத்திரி கீழ கிடந்த துண்டுகளைப் பொறுக்கறப்பதான் பாத்தேன். பட்டை ரெண்டா மடிச்சு, பொம்மையை மேல படுக்க வெச்சு, சாக்பீஸ்ல சுத்திக் கோடு போட்டிருக்கா. கோட்டு மேலயே வெட்டல. சுத்தி அரை இஞ்ச் தள்ளித் தையலுக்கு விட்டு வெட்டியிருக்கா.

அந்தத் துண்டை இன்னும் கையில வெச்சிருக்கேன்.

அவங்கப்பா லாரிக்குப் போயிருக்கார், வர ஒரு வாரம் ஆகும். அத்தைகிட்ட, பாப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு இருக்கேன்னு சொன்னேன். "பெத்தவ போய்ப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேப்பாளா? ரெண்டு நாள்ல மறந்துரும். கேட்டீன்னா நாளைக்கு உன்னை மதிக்காது"ன்னாங்க. அவங்க சொல்றது சரியா? கேக்கணும்னா என்ன சொல்லிக் கேக்கறது? எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் கேட்டுப் பாத்ததே இல்ல.

மல்லிகைப்பந்தல் (மதுரை) – புதன், காலை 6:10

கேளுங்க அக்கா. யோசிக்கவே வேண்டாம். பள்ளிக்கூடம் கிளம்புற அவசரத்துல மட்டும் கேட்காதீங்க, சாயங்காலம் வந்ததும் உக்கார வெச்சுக் கேளுங்க.

கிழக்குத்தெரு (பாளையங்கோட்டை) – புதன், காலை 7:35

எனக்கு 71 வயது. மூன்று பிள்ளைகளை வளர்த்தவன். உங்கள் மாமியார் சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள், அம்மா.

நீங்கள் செய்தது தவறுதான். ஆனால் வருத்தத்தைச் செயலில் காட்டுவதுதான் நம் வழக்கம். என் அப்பா அடித்த அன்று சாயங்காலம் லாலாக் கடையிலிருந்து அல்வாப் பொட்டலம் வந்துவிடும். யாருக்கு என்று சொல்ல மாட்டார். அடி வாங்கியவன் கையில் பெரிய துண்டு விழும். எங்களுக்குப் புரிந்தது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். பெற்றவர்கள் பிள்ளை முன்னால் கை கட்டி நின்றால், வீட்டில் யார் பெரியவர் என்பதே பிள்ளைக்குக் குழம்பிப் போகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செம்பருத்தி (தஞ்சாவூர்) – புதன், காலை 9:20

ஐயா, உங்கள் அப்பாவைக் குறைசொல்ல வரவில்லை. அந்தப் பழமொழியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

குடும்ப வன்முறைப் புகாரோடு வரும் பெண்களிடம் பேசுவதுதான் ஒன்பது வருஷமாக என் வேலை. கன்னம் வீங்கி வந்து உட்காரும் பெண் வாயிலிருந்து இதே வார்த்தை வரும். "அடிக்கிற கைதானே மேடம் அணைக்குது." அவளுக்கு அதை மாமியார் சொல்லியிருப்பார், சில சமயம் பெற்ற அம்மாவே சொல்லியிருப்பார். அடித்த மறுநாள் புருஷன் பூவும் பிரியாணியும் வாங்கி வந்ததையும் சொல்வாள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனிடம் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடியும் அணைப்பும் ஒரே கையிலிருந்துதான் வரும் என்பதை ஏழு வயதில் ஒரு பெண் குழந்தைக்குப் பழக்கிவிட்டால், இருபத்தேழு வயதில் அவளுக்கு அது தவறாகவே தெரியாது. அடித்த கை "அடித்தது தப்பு" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அந்தப் பழக்கம் அறும். பெண்ணைப் பெற்ற அம்மா இதை மகளுக்குச் சொல்லிக் காட்டுவதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

ஊசிநூல் (ஈரோடு) – புதன், மதியம் 1:05

எல்லாருக்கும் நன்றிங்க. காலையில அவளுக்குப் பிடிச்ச இனிப்புப் பணியாரம் சுட்டேன். சாப்பிட்டா. "நல்லாருக்கா கண்ணு"ன்னு கேட்டேன், தலையை ஆட்டினா. வழக்கமா ஏழெட்டுத் தடவை "அம்மா"ன்னு கூப்பிட்டு ஏதாவது கேட்டுட்டே இருப்பா. இன்னைக்கு ஒரு தடவைகூடக் கூப்பிடல. தலை பின்னறப்ப கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுட்டேன், "வலிக்குது"ன்னுகூடச் சொல்லல.

கரும்பலகை (விழுப்புரம்) – புதன், இரவு 8:40

அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை அடிக்கவும் மனம் நோகப் பேசவும் கூடாது என்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு முன்பு. பிரம்பை விட்டேன், நாக்கை விடப் பல வருஷம் ஆனது. ஒரு பையனை எல்லார் முன்னாலும் "மக்கு"என்று சொல்லிவிட்டேன். அன்று அவன் சத்துணவுக்கு வரவில்லை, வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் உறைத்தது, நான் சொன்னது நாற்பது பேர் முன்னால். மறுநாள் அதே நாற்பது பேர் முன்னால் நின்று "நேத்து இவனை நான் சொன்ன வார்த்தை தப்பு" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. மரியாதை போய்விடும் என்றுதான் நானும் பயந்தேன். போகவில்லை ஐயா. அதன் பிறகு பிள்ளைகள் தங்கள் தப்பையும் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.

உங்கள் மாமியார் காதில் விழும்படிதானே திட்டினீர்கள்? முடிந்தால் அவர் காதில் விழும்படியே சொல்லுங்கள்.

பூவரசு (யாழ்ப்பாணம்) – புதன், இரவு 10:15

அல்வாக் கதை வாசிச்சிட்டு இதை எழுதாமல் இருக்கேலாமல் கிடக்கு.

எங்கட அப்பா பூவரசந் தடியாலை அடிப்பார். இரவு நான் நித்திரை எண்டு நினைச்சுக்கொண்டு வந்து, காலிலை தடம் விழுந்த இடத்திலை நல்லெண்ணெய் பூசுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு முழிச்சுத்தான் கிடப்பன். அவற்றை விரல் நடுங்கும்.

அது அன்பு எண்டு இப்ப எனக்கு விளங்குது. எனக்கும் இப்ப பிள்ளையள் இருக்கினம். ஆனால் எட்டு வயதிலை எனக்கு விளங்கினது வேற. நான் நித்திரையா கிடக்கேக்கை மட்டுந்தான் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கும் எண்டுதான் நினைச்சனான். முழிச்சிருக்கிற என்னிலை ஏதோ பிழை இருக்கு எண்டு கனகாலம் நம்பிக்கொண்டிருந்தன். பள்ளிக்கூடத்திலை, வேலையிலை, எங்க போனாலும் ஆரும் ஏசினால் சரியாத்தான் ஏசுகினம் எண்டு தலையைக் குனிஞ்சிடுவன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போயிட்டுது. கடைசி நாளுகளிலை அவற்றை காலுக்கு நான் எண்ணெய் பூசினனான். அவர் முழிச்சுக்கொண்டு என்னைப் பார்த்தபடி கிடந்தார். அவர் சொல்ல வந்திருந்தாலும் அப்ப சொல்ல ஏலாது.

தங்கச்சி, பணியாரம் நல்லது. ஆனால் பிள்ளை முழிச்சிருக்கேக்கை, முகத்தைப் பார்த்து, வாயாலை சொல்லுங்கோ.

இரவுப்பணி (சென்னை) – வியாழன், காலை 6:30

குழந்தைகள் மனநலப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இப்போதுதான் டியூட்டி முடிந்தது. ஊசிநூல், உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்கிற அமெரிக்க ஆய்வாளர், தாயையும் கைக்குழந்தையையும் எதிரெதிரே உட்கார வைத்துச் சோதனை செய்தார். தாய் சில நிமிஷம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை சிரிக்கும், கை நீட்டும், சத்தம் போடும், பலிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அதே ஆய்வாளர் இன்னொன்றும் கண்டார். நல்ல உறவில் இருக்கும் தாயும் சேயும்கூட ஒருவரோடொருவர் சரியாக இசைந்து இருப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் திரும்பச் சேர்வதும்தான். பிசகாத அம்மா உலகத்தில் இல்லை. பிசகிய பிறகு திரும்பி வருகிறாளா என்பதைத்தான் குழந்தை பார்க்கிறது.

அதற்காக அடியை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் எலிசபெத் கெர்ஷாஃப் குழுவினர் பார்த்தபோது, அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும்தான் அதிகம் தென்பட்டன, கீழ்ப்படிதல் கூடியதாகத் தெரியவில்லை. வார்த்தையும் அப்படித்தான். பதின்ம வயதினரைப் பற்றி 2013-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கத்தித் திட்டுகிற வீடுகளில், மற்ற நேரத்தில் பெற்றோர் எவ்வளவு பாசமாக இருந்தாலும் அந்தப் பாசம் திட்டின் பாதிப்பைக் குறைக்கவில்லை. அல்வாவைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது உங்கள் விஷயம். அடித்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "பொறக்காமயே இருந்திருந்தா" என்கிற அந்த வாக்கியத்தை எடுத்துச் சொல்லி, அது பொய் என்று சொல்ல வேண்டும். திரும்பச் சொல்லக் கூச்சமாக இருக்கும், மறந்திருப்பாள் என்று தோன்றும். மறந்திருக்க மாட்டாள். ஏழு வயதில் அம்மா சொல்வது கருத்து இல்லை, செய்தி. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி அதையும் உண்மை என்று வைத்துக்கொள்வாள். நீங்களே எடுத்துப் போட்டால்தான் அது போகும்.

சொல்லும்போது அவள் உயரத்துக்கு உட்காருங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், ஆனால் அவள் உங்களைத் தேற்றுகிற நிலைமைக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் அம்மா அழுதால் தன் வலியை ஒளித்துக்கொள்வார்கள். "அம்மாவை மன்னிச்சுட்டியா?" என்று பதில் வாங்காதீர்கள். பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அப்போதே பொம்மை, சாக்லேட் எதுவும் கொடுக்க வேண்டாம்.

பட்டுத்துணியை வெட்டியது தப்பு என்பதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதை இன்னொரு நாள் பேசுங்கள், இந்தப் பேச்சோடு சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. ராத்திரி ஒரு மணி வரை வேலை, வீட்டுக்காரர் ஊரில் இல்லை. இந்த ஆத்திரம் அடிக்கடி வருகிறது என்றால் 14416-க்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மனாஸ் எண், கட்டணம் கிடையாது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பனியன்கம்பெனி (திருப்பூர்) – வியாழன், காலை 8:15

"சேர்க்காதீர்கள்"னு மேடம் சொன்னதை நான் அனுபவிச்சிருக்கேன். என் பையன்கிட்ட "அப்பா அடிச்சது தப்புதான்டா, ஆனா நீ அப்படிச் செஞ்சதாலதானே அடிச்சேன்"னு சொன்னேன். "சரிப்பா"ன்னான். ஒரு மாசம் கழிச்சு அவன் தங்கச்சியை அடிச்சுட்டு அதையே சொன்னான். "தப்புதான், ஆனா நீ செஞ்சதாலதான்." என் குரல்லயே சொன்னான். "ஆனா"ன்னு வாயில வந்தா அங்கயே முழுங்கிடுங்க.

கிழக்குத்தெரு (பாளையங்கோட்டை) – வியாழன், காலை 11:00

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். யாழ்ப்பாணத்துத் தம்பி எழுதியதை மூன்று முறை.

அல்வா எங்களுக்குப் புரிந்தது என்று எழுதினேன். எனக்குப் புரிந்தது. என் தம்பி சாப்பிட மாட்டான், அவன் துண்டையும் நான்தான் தின்பேன். அதை இன்றுவரை நான் யோசித்ததில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் கேட்கிறேன். "மன்னிப்பு" என்பது பெரிய வார்த்தை, வீட்டில் வாயில் வராது. "சாரி" என்றால் கால் மிதித்ததற்குச் சொல்வது போல இருக்கிறது. எந்த வார்த்தையில் சொல்வது?

செம்பருத்தி (தஞ்சாவூர்) – வியாழன், மதியம் 12:10

"தப்பு என்மேலதான்." இது போதும் ஐயா. இது எல்லார் வாயிலும் வரும்.

பூவரசு (யாழ்ப்பாணம்) – வியாழன், மாலை 5:45

என்ரை மகனுக்கு நான் "அப்பா பிழை விட்டிட்டன்" எண்டுதான் சொல்லுறனான். ஐயா, உங்கட தம்பி இருக்கிறாரோ? இருந்தால் ஒருக்கால் கதையுங்கோ.

ஊசிநூல் (ஈரோடு) – வியாழன், இரவு 10:48

சொல்லிட்டேன்.

சாயங்காலம் அவ வீட்டுப்பாடம் எழுதிட்டிருந்தா. மிஷினை நிறுத்திட்டுப் பக்கத்துல தரையில உக்காந்தேன். அத்தை நடையில கீரை ஆய்ஞ்சிட்டிருந்தாங்க, கேக்கட்டும்னுதான் சத்தமாவே பேசினேன்.

"பாப்பா, திங்கக்கிழமை அம்மா உன்னை ஸ்கேல்ல அடிச்சேன். தப்பு என்மேலதான். அப்புறம் நீ பொறக்காமயே இருந்திருக்கலாம்னு சொன்னேன். அது பொய். கோபத்துல வந்த பொய்."

அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்றப்ப நாக்கு வரலைங்க. மேடம் எழுதினதை நினைச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

அவ பென்சிலைக் கீழ வைக்கல. எழுதிட்டே இருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு, "அப்ப நான் பொறந்தப்ப நீ நிம்மதியா இருந்தியா?"ன்னு கேட்டா. மூணு நாளா இதையேதான் மனசுல போட்டு வெச்சிருந்திருக்கா.

அவ பொறந்த கதையைச் சொன்னேன். ரெண்டு கிலோ அறுநூறு இருந்தது, அவங்கப்பா நாக்பூர்ல லோடு இறக்கிட்டு ரெண்டு நாள் தூங்காம வந்தது, என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடாதது எல்லாம். "எந்த விரல்?"னு கேட்டா. காட்டினேன். பாத்துட்டு மறுபடி எழுத ஆரம்பிச்சுட்டா.

அப்புறமா, என்னைப் பாக்காமயே, "கை வலிக்கலம்மா. தொடைதான் வலிச்சுது"ன்னா. பாவாடையைத் தூக்கிக் காட்டினா. மஞ்சளாப் போயிருந்தது தடம். தேங்காயெண்ணெய் தடவினேன், அவ முழிச்சு உக்காந்திருக்கப்பவே. பூவரசு அண்ணா, உங்களை நினைச்சுக்கிட்டேன்.

அத்தை ஒண்ணும் சொல்லல. ராத்திரி சோறு போடறப்ப பாப்பா தட்டுல அவங்களே நெய் ஊத்தினாங்க.

மல்லிகைப்பந்தல் (மதுரை) – வெள்ளி, காலை 6:25

படிச்சுட்டு ஸ்டேஷன்லயே அழுதுட்டேன் அக்கா. அந்தக் கல்யாண ஜாக்கெட் என்ன ஆச்சு?

ஊசிநூல் (ஈரோடு) – வெள்ளி, மதியம் 2:30

அந்தப் பொண்ணு வீட்டுக்கே போய் நடந்ததைச் சொன்னேன். அவங்கம்மாவுக்குக் கோபம்தான். நியாயமான கோபம். நின்னு கேட்டுக்கிட்டேன். என் செலவுல மாம்பழக் கலர்ல பட்டுத்துணி எடுத்து, பழைய பிட்டோட பார்டரை மட்டும் வெட்டிக் கைக்கு வெச்சுத் தைச்சுத் தர்றேன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க. ஆரி வேலைக்காரங்களும் ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றேன்னாங்க.

பாப்பாகிட்ட துணியைப் பத்தி நேத்துப் பேசல. இன்னைக்குக் காலையிலதான் பேசினேன். டேபிள் மேல இருக்கறது அடுத்தவங்க துணி, கேக்காமத் தொடக்கூடாதுன்னு சொன்னேன். வெட்டு விழுந்த மிச்சப் பிட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு, மழுங்கின முனைக் கத்தரி ஒண்ணும் வெச்சு அவகிட்ட குடுத்திருக்கேன். தையலுக்கு விடறது எப்படித் தெரியும்னு கேட்டேன். "நீ செய்யறப்ப பாப்பேன்"னா.

கிழக்குத்தெரு (பாளையங்கோட்டை) – ஞாயிறு, மாலை 4:20

தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். நேற்று ராத்திரி பேசினேன். எங்கள் அப்பாவைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. ஒரு மணி நேரம் பேசினோம். என் மூத்த மகனுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, தீபாவளிக்கு வருவான். போனில் சொல்ல மனம் வரவில்லை, நேரில்தான் சொல்ல வேண்டும்.

ஊசிநூல் (ஈரோடு) – பதினோரு நாள் கழித்து, இரவு 9:15

யாராவது இன்னும் இந்த இழையைப் பாக்கறீங்களான்னு தெரியல. ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு.

அவ இப்ப நல்லாப் பேசறா, சிரிக்கறா, "அம்மா அம்மா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. ஆனா துணியில கோடு போட நான் ஸ்கேலை எடுத்தா மட்டும், எங்க இருந்தாலும் தலையைத் திருப்பிப் பாப்பா. ஒரு நொடிதான். அந்த மர ஸ்கேலை அன்னைக்கே எடுத்து அடுப்புல வெச்சுட்டேன், இப்ப இருக்கறது புதுசு, பிளாஸ்டிக். இருந்தாலும் பாப்பா. நான் ஒண்ணும் சொல்றதில்ல. மெதுவா எடுக்கறேன், அவளுக்குத் தெரியற மாதிரி எடுக்கறேன், கோடு போட்டதும் கீழ வெச்சுடறேன்.

இன்னைக்கு ஆறு ஜாக்கெட் வெட்டினேன். அவ பக்கத்துலயே பிஸ்கட் டப்பாவோட உக்காந்திருந்தா. முதல் நாலு தடவை பாத்தா. அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் பாக்கல.